போத்தனூரை ஈரோட்டுக்கு அனுப்பிய வடை

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிக்கொண்டே போகும். சாதாரண நாளில் பேச்சுக்கு ஒரு 'ங்க' போடுகிறவர், கொதிப்பு ஏற ஏற வார்த்தைக்கு ஒன்று போடுவார். கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் அந்த டீலர்கள் கூட்டத்தில் போத்தனூர் டீலர் நாச்சிமுத்து "ரொம்ப சந்தோசமுங்க" என்றபோது, பாராட்டுகிறார் என்று நினைத்துக் கைகூப்பினேன்.

அப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கல்லூரியில் படித்ததில் எனக்கு உருப்படியாக வந்தது எக்செல் மட்டும்தான். (மற்ற பாடங்களைப் பற்றி என் பேராசிரியர்களைக் கேட்க வேண்டாம்.) எங்கள் மேலாளர் சாந்தாமணி மேடம், டீலர்கள் கூட்டத்துக்கு மொத்த விற்பனையையும் ஒரே படத்தில் காட்டச் சொன்னார். நான் போயும் போயும் பட்டைப் படமா போடுவேன்? டோனட் சார்ட் போட்டேன், நம்ம ஊர் வடை மாதிரி நடுவில் ஓட்டை விட்ட வட்டப் படம், அதுவும் இரண்டு அடுக்கு. உள்வளையத்தில் கோவை, ஈரோடு, திருப்பூர் என்று மாவட்டங்கள். வெளிவளையத்தில் ஊர்கள், ஒவ்வொன்றும் தன் மாவட்டத்தை ஒட்டி. மேடம் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். வெளிவளையத்துத் துண்டுகள் பெரிசும் சிறிசுமாகக் கலைந்து கிடந்தது என் கலைக்கண்ணை உறுத்தியது. ஊர்களை மட்டும் பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தினேன். வெளிவளையம் ஒழுங்காக அடங்கி உட்கார்ந்தது. உள்வளையம் பழைய வரிசையிலேயே நின்றதை நான் கவனிக்கவில்லை. எந்த ஊர் எந்த மாவட்டம் என்று எக்செல்லுக்கு என்ன தெரியும்? ஒரு வளையத்தைச் சுற்றி இன்னொன்றை மாட்டிவிட்டு அது பாட்டுக்குப் போய்விட்டது.

டீலர்களின் ஏரியாவை மாற்றிப் பிரிக்கப்போகிறார்கள் என்று அந்தச் சமயத்தில் ஒரு வதந்தி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, திரையில் என் வடை. போத்தனூர் ஈரோட்டின் மடியில் உட்கார்ந்திருந்தது. அந்தியூர் கோவைக்கு வந்திருந்தது.

"ஏனுங்க தம்பி, போத்தனூரு ஈரோட்டுக்குப் போயிருச்சுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

தமாஷ் பண்ணுகிறார் என்று சிரித்தேன்.

"ரொம்ப சந்தோசமுங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நாங்களே ஒதுங்கியிருப்பமுங்க. நல்லா இருங்க. போய்ட்டு வாரனுங்க." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் கைகூப்பியது இந்த இடத்தில்தான். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து எங்களோடு இருக்கிற டீலர் வாசலை நோக்கி நடக்கிறார், நான் அவருக்கு வணக்கம் சொல்லி வழியனுப்பிக்கொண்டிருக்கிறேன். இனி கோவை குடோனிலிருந்துதான் சரக்கு எடுக்க வேண்டுமா என்று அந்தியூர்க்காரர் படுமரியாதையாகக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. நாச்சிமுத்து அந்தப் படியைத் தாண்டினால் என் வேலையும் அவர் பின்னாலேயே போய்விடும்.

மேடம் என்னைக் கை காட்டியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் திரையை ஒரு தடவை பார்த்தார், எழுந்து முன்னால் வந்தார்.

"அண்ணா, ஒரு நிமிசம் உக்காருங்க. ஏரியா எதும் மாறலீங்க. நாங்கதான் வடைய மாத்திச் சுட்டுப்போட்டமுங்க."

'நாங்க'! அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு அத்தனை பேர் முன்னாலும் எக்செல் தாளையே திரையில் திறந்தார். இந்த இரண்டு வளையத்துக்கும் ஒன்றையொன்று தெரியாது, நாம் கொடுக்கிற வரிசைதான் சேர்த்துப் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே, ஊர்களை முதலில் மாவட்டப்படியும், மாவட்டத்துக்குள் பெரிசு சிறிசாகவும் அடுக்கினார். திரையில் போத்தனூர் மெல்ல நகர்ந்து கோவைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அடுத்து ஒவ்வொரு மாவட்டத்தின் நிறத்தையும் கொஞ்சம் வெளுக்கவைத்து அதன் ஊர்களுக்குப் பூசினார். எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று கடைசி வரிசைக்கும் தெரிந்தது. நான் ஆசைப்பட்ட அழகும் இருந்தது, உண்மையும் இருந்தது. கூட்டம் கைதட்டியது. குற்றவாளி நான்தான் என்பது மறந்துபோய் நானும் பலமாகத் தட்டினேன். ஒரு வேலையை அவ்வளவு அழகாக ஒருவர் செய்து இன்றுவரை நான் பார்த்ததில்லை.

நாச்சிமுத்து பையைக் கீழே வைத்தார். "ஊடு வந்து சேந்துட்டனுங்க அம்மணி."

அந்த 'நாங்க' யார் என்பதை, நான் கைதட்டிய சத்தத்தை வைத்தே அவர் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகும் தன் மகள் கவிதாவை எனக்குக் கொடுத்தது அவருடைய பெருந்தன்மை. (பெண் பார்க்கப் போன அன்று தட்டில் என்ன வந்தது என்று கேட்காதீர்கள்.) கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் 'போத்தனூர், கோவை மாவட்டம்' என்ற வரியை மட்டும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தார்.

இப்போதும் மாமனார் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே விசாரணை ஆரம்பமாகிவிடும். "வாங்க மாப்ள. நேரா வந்தீங்களா, ஈரோடு போய்ச் சுத்திட்டு வாரீங்களா?"

அதில் எத்தனை 'ங்க' இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நான் செருப்பைக் கழற்றுவேன்.