2311-க்கும் 2318-க்கும் நடுவே ஒரு கோடு

சேசு மரி சூசை துணை.

விழுப்புரம்
13-6-1938, திங்கள்

மகா கனம் பொருந்திய மச்சான் சவுரிராயன் அவர்கள் சமுகத்துக்கு, விழுப்புரம் ஜங்ஷன் பாயிண்ட்ஸ்மேன் தேவசகாயம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கை பூமாலையும் இரண்டு வெள்ளாடுகளும் சர்வேசுரன் கிருபையால் சுகம். சனிக்கிழமை பகல் மட்டும் சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். லீவுக்குத் திண்டிவனத்தில் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மகள் ஜெயம், எட்டாம் வகுப்புச் சர்க்கார் பரீட்சையில் தேறவில்லை என்று நான் அனுப்பிய தந்தியைக் கிழித்து அடுப்பில் போடவும். அதில் இருப்பது பொய். ஆனால் நான் பொய் சொல்லவில்லை.

ரிசல்ட்டு பேப்பர் சனிக்கிழமை காலை மதராஸ் ரயிலில் வந்து இறங்கியது. பெயர் கிடையாது, வெறும் நம்பர்தான். இருபத்திரண்டு வருஷமாகக் கூட்ஸ் வண்டி நம்பர் பார்க்கிறவன் என்பதால், பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிய தாய் தகப்பன் எல்லோரும் என்னிடம் வந்துவிட்டார்கள். பிளாட்பாரத்தில் வறுத்த மல்லாட்டைக் கடலை விற்கும் கோவிந்தம்மாள், தையல்கார மொய்தீன் பிச்சை பாய், கூட்ஸ் ஷெட் வாட்ச்மேன் சீனுவாசன், எல்லோரும். நான் சாமான் தள்ளுவண்டி மேல் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். நம் பக்கத்து வரி இதுதான்: 2311-2318, 2322.

மச்சான், எங்கள் யார்டில் பழுதான வண்டியின் நம்பருக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்போம். கோடு விழுந்த வண்டி ரயிலோடு போகாது, கழற்றிவிடப்படும். ஆகவே கோவிந்தம்மாள் மகன் துரைக்கண்ணுவின் 2311 கோடு விழுந்து கழன்றுவிட்டது என்று அறிவித்தேன். பாய் மகன் அப்துல் வஹாபின் 2316 கண்ணிலேயே படவில்லை. நம் ஜெயத்தின் 2314-ம் அப்படியே. கோடு இல்லாமல் தனியாக நின்றது சீனுவாசன் மகனின் 2322 மட்டும்தான். சீனுவாசன் சந்தோஷப்படவும் வெட்கப்பட்டுக்கொண்டு, மகனுக்கு வாங்கி வந்த மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

என் நிலைமையை எழுதினால் மை போதாது. நம் வம்சத்தில் எட்டாவது வரை போன முதல் ஆள் ஜெயம். தேறினால் டீச்சர் டிரெயினிங்கில் இடம் தருகிறேன் என்று கான்வென்ட் மதர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். தேறாவிட்டால் கண்டமங்கலத்துக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கத்தான் போக வேண்டும். நேராகத் தந்தி ஆபீஸ் போனேன். வீட்டுக்கு வந்தால் பூமாலை சேதி கேட்டு, கிளறிக்கொண்டிருந்த கேப்பைக் கூழை அப்படியே விட்டுவிட்டாள். அது அடிப்பிடித்துத் தெருவெல்லாம் நாறியது.

சாயங்காலம் டியூட்டிக்குப் போனேன். கோவிந்தம்மாள் கூடையோடு வழி மறித்தாள்.

"இன்னாய்யா, எம்புள்ள நம்பரு பேப்பர்ல கீதா இல்லியா?"

"கீது. ஆனா கோடு போட்டுக்கீறான்."

"ஃபெயிலானவன் நம்பர எவனாவது வேல மெனக்கெட்டு அச்சடிப்பானா? அப்பிடின்னா ஊர்ல பாதிப்பேரு நம்பர அச்சடிக்கணுமே!"

அந்நேரம் திண்டிவனம் போகும் பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார். கோவிந்தம்மாள் என் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கி ஜன்னலுக்குள் நீட்டி, "சாமி, ஜல்தியா பாத்து சொல்லுங்க, இந்த ஆளு பேஜாரு பண்ணிக்கினு கீறாரு" என்றாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நாங்கள் கூடவே ஓடினோம். அவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"அது கழிச்சுவிட்ட கோடு இல்லைங்க! இதுலேருந்து அது வரைக்கும்னு அர்த்தம்! 2311 முதல் 2318 வரைக்கும் அத்தனை பேரும் பாஸ்!"

பேப்பர் அவரோடு போய்விட்டது. போகட்டும். கூச்சல் கேட்டு ஓடிவந்த மொய்தீன் பிச்சை பாயைக் கட்டிப்பிடித்தேன். பாய் என்னைத் தூக்கிச் சுற்றினார். சீனுவாசன் ஓடிவந்து அந்த மாலையைக் கோவிந்தம்மாள் கழுத்தில் போட்டார், பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இதற்குள் பின்னால் வந்த கூட்ஸ் வண்டி தண்டவாளத்தில் பாயிண்ட் மாற்ற ஆளில்லாமல் ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டரில் நின்று கூவிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் வேங்கடேசன் எழுத்தில் எக்ஸ்ப்ளனேஷன் கேட்டார். "மகள் பாஸ். ஆகையால் ஏழு நிமிஷம் தாமதம்" என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேலே அனுப்பவில்லை.

உடனே இன்னொரு தந்தி அடிக்கப் போனேன். தந்தி குமாஸ்தா, "காலைல ஃபெயில், சாயங்காலம் பாஸ்னா அந்த வூட்டுக்காரங்க எத நம்புவாங்க? லெட்டரா விவரமா எழுதுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்று காலை பள்ளிக்கூடத்தில் மார்க்கு கொடுத்தார்கள். ஜெயம் தமிழில் 68, கணக்கில் 57. துரைக்கண்ணு கணக்கில் 41. கோவிந்தம்மாள் ஹெட்மாஸ்டரை விடவில்லை. "நூத்துக்கு நாப்பத்தொண்ணுன்னா, மீதி அம்பத்தொம்பத யாரு எடுத்துக்கினது?" அவர் விளக்க விளக்க அவளுக்குக் கோபம்தான் ஏறியது. நான் குறுக்கிட்டேன்: "யம்மா, நூறு வண்டி கோக்கலாம்னு வையி. முப்பத்தஞ்சு கோத்தாலே ரயில் கெளம்பிடும். உம்புள்ள நாப்பத்தொண்ணு கோத்துக்கினு ஊரு போய்ச் சேந்துட்டான்." அவள் முகம் மலர்ந்தது. உடனே மற்றத் தாய் தகப்பன்களும் தங்கள் காகிதங்களை என்னிடமே நீட்டினார்கள். ஹெட்மாஸ்டர் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆகவே மச்சான், குழந்தை அழுதுகொண்டிருந்தால் இதைப் படித்துக் காட்டித் தேற்றவும். நான் தவறாகப் படித்ததை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா தங்கள் வீட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்
தே. தேவசகாயம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் ஜெயமே ரயிலில் வந்து இறங்கிவிட்டாள். மதராஸ் பேப்பர் திண்டிவனத்துக்குத்தானே முதலில் வரும். எங்களுக்கு முன்னாலேயே அங்கே தானே படித்துவிட்டாளாம். என் தந்தி வந்தபோது நீங்கள் எல்லோரும் பாயசம் குடித்துக்கொண்டிருந்தீர்களாம். அதைத் தாங்கள் உரக்கப் படிக்கச் சொல்லி மூன்று தடவை சிரித்தீர்களாம். "பேப்பரப் பாத்ததுமே பாஸுன்னு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். "எங்கப்பாவுக்குத்தான் நம்பரு படிக்கத் தெரியுமேன்னு இருந்துட்டேம்பா" என்கிறாள்.