முதலாளி வீட்டு ஏ.சி.க்கு நான் தேர்ந்தெடுத்த டியூப்

டிப்ளமா வாங்கிய புதிதில், புவியீர்ப்பு விசைகூட எனக்குக் கீழேதான் வேலை பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். வயது இருபத்து மூன்று. சட்டைப் பையில் இரண்டு பேனா. (ஒன்று எழுதாது. அது மரியாதைக்கு.)

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், தோல் வாங்க ஜெர்மனியிலிருந்து ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. பெரிய ஆர்டர். கைவிட்டுப் போனால் ஒரு ஷிப்டையே நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. வெள்ளைக்காரர் நம் வெயிலில் உருகிவிடக் கூடாதே என்று முதலாளி தன் வீட்டு முன்னறைக்கு ஜன்னல் ஏ.சி. வாங்கினார். பொருத்தும் பொறுப்பு எனக்கு.

முதலாளியம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். "தம்பி, இப்பதான் முன்பக்கம் பெயிண்ட் அடிச்சிருக்கோம். தண்ணி போற பைப்பு தெருவுல போறவங்க கண்ணுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா ஒரே பேஜாரு."

"கவலையே படாதீங்கம்மா" என்றேன். அவர் கவலைப்பட்டிருக்கலாம்.

வேலூர் ஹார்டுவேர் கடையில் அரை நாள் குழாய் பார்த்தேன். கல்யாணப் புடவைகூட யாரும் அப்படிப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இரும்புக் குழாய் முரடு. கறுப்புக் குழாய் சுவரில் சாரைப்பாம்பு ஏறியது போலிருக்கும். கடைசியில் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் டியூப் ஒன்று கண்ணில் பட்டது.

"இது கொத்தனாருங்க மட்டம் பாக்குற டியூப்பு சார்" என்றார் கடைக்காரர்.

தண்ணீர் தன் மட்டத்துக்கு மேலே ஏறாது என்று கொத்தனார்கள் தினமும் நிரூபிக்கும் அதே டியூப். அதைத்தான் நான் தண்ணீரை மேலே ஏற்றுவதற்காக வாங்கினேன்.

ஆமாம், மேலேதான். நேராகக் கீழே விட்டால் தெருவுக்குத் தெரியுமே! ஏ.சி.யின் பின்னாலிருந்து டியூபை சன்ஷேடுக்கு மேலே ஏற்றி, அங்கேயே படுக்கவைத்து இழுத்து, பக்கத்துச் சந்தில் இறக்குவது என் திட்டம். குழாய் மாட்ட வந்த பிட்டர் முனுசாமி தலையைச் சொறிந்தார்.

"தண்ணி இன்னாத்துக்கு சார் மேல ஏறும்?"

"பின்னால வர்ற தண்ணி முன்னால போறதத் தள்ளும். பிரஷர்."

"பிரஷரா?"

"படிச்சிருக்கேன் முனுசாமி."

"சரி சார்" என்றார். அதற்குமேல் ஒரு மனிதன் எப்படித்தான் திட்டுவான்?

அதோடு விட்டேனா? ஏ.சி.யின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, தெருவிலிருந்து பார்க்கக் கோணலாக இருந்தது. ஒரு மரக்கட்டையைச் சொருகித் தூக்கிவிட்டேன். (அந்தச் சரிவு இருந்தால்தான் தண்ணீர் பின்பக்கம் ஓடும் என்று ஏ.சி.யோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. படித்தவனுக்குப் புத்தகம் எதற்கு?)

ஜெர்மன்காரர் வந்த அன்று விடியற்காலையிலேயே ஏ.சி.யைப் போட்டோம். ஜன்னலுக்கு அடியில் மேஜை. அதில் முதலாளியம்மாவின் வெள்ளை விரிப்பு. அதன்மேல் கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று சாம்பிள் தோல்கள். குளிர் போகாமலிருக்கக் கதவைச் சாத்தினோம். தெருவில் நின்று பார்த்தேன். டியூப் தெரியவே இல்லை. பெருமையில் எனக்குக் கண் கலங்கியது.

பதினோரு மணிக்கு விருந்தாளியோடு வந்து முதலாளி கதவைத் திறந்தார். ஏ.சி.யின் முகத்திலிருந்து தண்ணீர் மேஜைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. சிவப்புத் தோலின் சாயம் இறங்கி, வெள்ளை விரிப்பு கசாப்புக் கடைத் துணி போலாகியிருந்தது.

"இன்னாய்யா இது?" எப்போதும் என்னைத் 'தம்பி' என்னும் முதலாளி 'யா'வுக்கு இறங்கிவிட்டார்.

"பிரஷர் கம்மி ஆயிடுச்சு சார்" என்றேன்.

ஜெர்மன்காரர் மேஜையருகே போனார். கைக்குட்டையை எடுத்து, ஊறிக் கிடந்த கறுப்புத் தோலை அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. சிவப்பை ஒரு விரலால் தள்ளி வைத்தார். சாயம் போகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் காட்டினார். ஜெர்மன்காரர் என் கையைக் குலுக்கினார். கறுப்புக்கு மட்டும் ஆர்டர் கிடைத்தது. ஷிப்ட் தப்பித்தது.

மறுநாளே என்னை மெயின்டெனன்ஸிலிருந்து சாம்பிள் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். தோலை நனைத்துப் பார்க்கும் வேலை. ரிட்டயர் ஆகும்வரை அதைத்தான் செய்தேன்.

போன வருஷம் சத்துவாச்சாரியில் மகள் வீட்டில் ஏ.சி. மாட்டினார்கள். அன்று காலை அவள், "அப்பா, பள்ளிகொண்டா ரங்கநாதரப் பாத்து ரொம்ப நாளாச்சுன்னீங்களே" என்று கையில் பூஜைக் கூடையைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. சாமி கும்பிட்டுவிட்டுப் போன் செய்தேன்.

"வரட்டுமாம்மா?"

"பிட்டர் இன்னும் போகலப்பா" என்றாள். "இன்னொரு சுத்து சுத்திட்டு வாங்க."