சொல்லச் சொல்ல எழுதியவள்

'இடிமுழக்கம்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட அந்த நீல அணி ரசிகனை, எங்கள் இணையக் கால்பந்துக் குழுவை விட்டே துரத்தாமல் ஓய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். அவன் முகம் தெரியாது. ஊர் தெரியாது. ஆனால் ஜென்ம விரோதி. அவன் நீல அணி, நான் சிவப்பு அணி. வேறென்ன காரணம் வேண்டும்?

இரண்டு அணிகளும் கடல் கடந்த ஏதோ ஒரு நகரத்தைச் சேர்ந்தவை. அந்த நகரம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று மனைவி ஒருமுறை கேட்டாள். முக்கியமில்லாத கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். ஆகவே என் வசவுகளுக்கென்று ஒரு தரம் உண்டு. முதலில் எதிரியின் ஒற்றுப்பிழையைத் திருத்துவேன். பிறகு அவன் வாக்கியத்தை ஒழுங்குபடுத்துவேன். அதன்பிறகுதான் அவன் பரம்பரையைத் தொடுவேன். குழுவில் எனக்குப் 'புலவர்' என்று பேர்.

அரையிறுதியில் சிவப்பு அணி கோல் போட்டது. எழும்பிக் குதித்துக் கையை வீசினேன். கதவு நிலை குறுக்கே இருந்தது. நிலை அசையவில்லை; மணிக்கட்டு அசைந்துவிட்டது. வலது கைக்கு மாவுக்கட்டு.

இடது கையால் தட்டிப் பார்த்தேன். 'அற்பனே' என்று ஆரம்பித்தால், போன் அதை 'அற்புதமே' என்று மாற்றி அனுப்பியது. எதிரி நன்றி சொல்லிவிட்டான். அவமானத்தில் கண்கலங்கி உட்கார்ந்திருந்தேன்.

"குடுங்க, நான் தட்டித் தரேன்" என்றாள் மனைவி.

அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். சாட்சி இருமினால்கூடக் குறித்துக்கொள்கிறவள்.

"நான் சொல்றது கொஞ்சம் காரமா இருக்கும்மா."

"கொலை வழக்குல கேக்காததையா சொல்லிடப் போறீங்க? சொல்லுங்க."

அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொன்னேன்.

"'மதியிலி'யா, 'மதிகெட்டவன்'னு போடட்டுமா?"

"மதியிலி. அதுலதான் அடக்கம் இருக்கு."

"'உன் ஏழு தலைமுறைக்கும்'... அங்க ஒரு கமா வேணுமா?"

"வேண்டாம். மூச்சு விடாம திட்டணும்."

முடித்ததும் திருப்பி வாசித்துக் காட்டுவாள். தீர்ப்பு வாசிப்பதுபோல் என்ன நிதானம், என்ன ஏற்ற இறக்கம்! முதல் சில நாட்கள் திரையை எட்டிப் பார்த்துச் சரிபார்த்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். கண்ணை மூடிக் கேட்பதில் இருந்த சுகம் படிப்பதில் இல்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்யறோம் பாத்தியா?"

"ஆமாங்க. கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க என்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இறுதிப் போட்டி. சிவப்பும் நீலமும் நேருக்கு நேர். எங்கள் இரு தரப்பையும் சமாதானப்படுத்தியே ரத்த அழுத்தம் ஏறிப்போன குழுத் தலைவர் அன்று காலைதான் பதவி விலகியிருந்தார். நாற்காலி காலி. ஆட்டம் தொடங்கப்போகும் நேரத்தில் சவால் வந்தது. மனைவி வாசித்தாள்.

"'ஜெயிக்கிற அணிக்காரன் குழுத் தலைவர். தோக்கிறவன் குழுவை விட்டே ஓடணும். சம்மதமா புலவரே?' இடிமுழக்கம் கேக்கறாரு."

"சம்மதம்னு போடு!"

"தோத்தா நெஜமாவே விலகிடுவீங்களா?"

"வாக்குன்னா வாக்கு."

"ஜெயிச்சா?"

"தலைவர்! காலை, சாயங்காலம், ராத்திரி, எந்நேரமும் குழுவிலதான் இருப்பேன். இத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறதுன்னா சும்மாவா?"

"ஓ" என்றாள்.

சவாலை ஏற்று ஒரு மடல் சொன்னேன். என் வாழ்நாளின் சிறந்த உரைநடை. அதில் எதிரியை நான் ஒப்பிடாத பிராணி இல்லை. அவள் தட்டினாள். வாசித்துக் காட்டினாள். எனக்கே புல்லரித்தது. கண்ணைத் தொலைக்காட்சியிலிருந்து எடுக்காமலே, "அனுப்பு!" என்றேன்.

ஆட்டம் கடைசி வரை சமநிலை. நகம் கடிக்க ஒரு கைதான் இருந்தது, அதுவும் தீர்ந்துவிட்டது. விசில் ஊதப் போகிறார்கள் என்று நினைத்த கணத்தில் சிவப்பு அணியின் பந்து வலைக்குள் புகுந்தது!

நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் தரையைத் தட்டினார். தட்டட்டும். சோபாவில் ஏறினேன். மேஜையில் ஏறினேன். "ஒழிந்தான் இடிமுழக்கம்! இனி நானே தலைவர்!" என்று மாவுக்கட்டை உயர்த்தி உலகத்துக்கு அறிவித்தேன்.

"வாழ்த்துகள்ங்க" என்று மனைவி போனை நீட்டினாள்.

திரை முழுக்க வாழ்த்து. 'புலவரே, கண் கலங்குது.' 'இப்படியும் ஒரு மனுஷனா!' 'வெற்றியிலும் துறவு!'

துறவா? விரலால் மேலே தள்ளிப் பார்த்தேன். என் பெயரில், என் நடையில், ஒரு பிழைகூட இல்லாமல் இருந்தது:

'தோற்றால் விலகுவேன். வென்றாலும், வெல்ல இனி எதுவுமில்லை என்பதால், விலகுவேன். அப்போதும் தலைமைப் பதவி நண்பர் இடிமுழக்கத்துக்கே உரியது. இனி என் பொழுதெல்லாம் என் மனைவிக்கு.'

மேஜையிலிருந்து இறங்கினேன்.

"என்ன இது? கோர்ட்டுலயும் இப்படித்தான் எழுதுவியா?"

"அங்க சம்பளம் தராங்க."

"நான் சொன்னதை அப்படியே வாசிச்சியே!"

"சொன்னது ஞாபகம் இருந்துச்சு, வாசிச்சேன். தோத்தா விலகிடுவேன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதுல எனக்குக் கவலை இல்ல. ஜெயிச்சாத்தான் ஆபத்து. அந்த ஓட்டையை மட்டும் அடைச்சேன்."

"உடனே மறுப்பு எழுது! அதை எழுதினது என் பொண்டாட்டின்னு போடு!"

"போடலாமே. அப்ப இத்தனை நாள் எங்களைத் திட்டினதும் உங்க பொண்டாட்டிதானான்னு கேப்பாங்க. அதுக்கும் ஒரு பதில் சொல்லுங்க, சேர்த்தே எழுதிடறேன்."

போனில் புதுச்செய்தி வந்த மணி ஒலித்தது. என் கையிலிருந்து அதை மெல்ல எடுத்துப் பார்த்தாள்.

"யாரு?"

"இடிமுழக்கம் சார்தான். தலைவர் பொறுப்பை ஏத்துக்கிட்டாராம். உங்க ஆசீர்வாதம் வேணுமாம்."

"அந்த மதியிலிக்கா? செத்தாலும் தரமாட்டேன்!"

அவள் கட்டைவிரல் திரையை விட்டு எழுந்தது.

"அனுப்பிட்டேங்க."