நாற்பது நொடி

ஒரே ஒரு நொடிதான் அந்தப் படம் அழகாக இருந்தது. மறு நொடியே நெவில் ஹார்ட்டிகனின் கண்ணெதிரில் வெளுத்துப்போய்ச் சாம்பல் பூத்தது.

"மாரீன்! இங்க வா! கம்ப்யூட்டர் என் கிளியைக் கொல்லுது!"

சமையலறையிலிருந்து அவன் மனைவி மாரீன் கையெல்லாம் சாக்லேட்டோடு வந்தாள். புல்லரூ விவசாயக் கண்காட்சிக்கு சாக்லேட்டில் தோய்த்தெடுக்கும் அவளுடைய லாமிங்டன் கேக்கும் அவனுடைய புகைப்படமும் மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் நெவிலுக்கு ஒரே ஓர் ஆசை, புகைப்படப் பிரிவில் முதல் பரிசான நீல நாடா. ஆறு வருடமாக அதைப் பக்கத்து வீட்டு கெவின் சாதாரணக் கைப்பேசியில் படம் எடுத்தே தட்டிக்கொண்டு போகிறான். அந்த வயிற்றெரிச்சலில்தான் நெவில் பெரிய கேமராவே வாங்கினான்.

"'ரா' ஃபைலா எடுங்க. அது வேகாத உருளைக்கிழங்கு மாதிரி. நீங்கதான் கம்ப்யூட்டர்ல பக்குவமா சமைக்கணும்" என்று கடைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். கோதுமைக் கிடங்கின் உச்சியில் உட்கார்ந்திருந்த இளஞ்சிவப்புக் காக்கட்டூக் கிளியை நெவில் நாற்பது படம் எடுத்து வந்தான்.

அந்த ஃபைலோடு கேமரா தானே பக்குவம் செய்து ஒட்டி அனுப்பும் மாதிரிப் படம், திறந்ததும் ஒரு நொடி எட்டிப் பார்க்கும், பிறகுதான் வேகாத அசல் வரும். இது ஊருக்கெல்லாம் தெரியும், நெவிலுக்குத் தெரியாது.

"திரும்பத் திறந்து பாரேன்" என்றாள் மாரீன்.

"ஒருதடவைதான் காட்டுது. அப்புறம் எத்தனை தடவை திறந்தாலும் இந்தச் சாம்பல்தான்."

நிறத்தைக் கூட்டினான். கிளி ரத்தக் களறியாயிற்று. குறைத்தான். கிளிக்குக் காய்ச்சல் கண்டது. நிழலைத் தூக்கினான், வெளிச்சத்தை இறக்கினான், கிடங்கு ஊதாவாகிவிட்டது. ஒவ்வொரு படமாகத் திறந்து அந்த ஒரு நொடியை மனப்பாடம் செய்யப் பார்த்தான். முப்பது படம் தீர்ந்தது.

வேலிக்கு மேலே கெவினின் தலை தெரிந்தது. "என்ன நெவில், கிளி இன்னும் வேகலையா?"

நெவில் ஜன்னலைச் சாத்தினான்.

மாரீன் தன் பின்னல் கூடையைத் தூக்கிவந்தாள். "நீ திற. நான் நிறத்தைப் பார்த்துட்டு அதே நூலை எடுத்துத் தர்றேன். நூலைப் பார்த்து நீ சரி பண்ணு."

திறந்தான். அவள் தும்மினாள்.

"இப்பவா தும்மறது!"

"சாக்லேட் தூள் மூக்குல ஏறிடுச்சு. என்னைத் திட்டாத, அடுத்ததைத் திற."

அடுத்ததில் ஒரு நூலை எடுத்தாள். மஞ்சள் விளக்கின் கீழ் அந்த நூலுக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் திருகிவிட்டு, மருந்துக்கடைக்கு ஓடிப் பிரிண்ட் போட்டான். வெயிலில் பார்த்தால் கிளிக்குப் பதிலாகக் கத்தரிக்காய் ஒன்று உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்து மற்றவற்றையும் பாழாக்கினான். மணி மூன்று இருபது. மிச்சம் ஒரே படம். நெவிலுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழாவது வருடமும் கெவினின் பல்லைப் பார்க்க வேண்டுமா?

"உன் ஃபோனை எடு. நான் திறக்கறேன், அந்த ஒரு நொடிக்குள்ள திரையைப் படம் புடிச்சுடு."

"அடுப்புல சாக்லேட்..."

"எடுடீ!"

திறந்தான். அமுக்கினாள். சாக்லேட் கருகியது.

கைப்பேசியில் வானம் பச்சையாக இருந்தது. கிளி ஆரஞ்சு. படம் முழுக்கத் திரையின் கோடுகள் சாய்வாக ஓடின. வேறு வழியில்லை. பிரிண்ட் போட்டு, கறுப்பு அட்டையில் ஒட்டி, மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். மாரீனின் கேக் போகவேயில்லை.

மறுநாள் மண்டபத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டுதான் நுழைந்தான். கெவினின் அறுவடைப் படத்தில் இரண்டாம் பரிசு தொங்கியது. நீல நாடா பச்சை வானத்தின் மேல் குத்தியிருந்தது. நடுவரின் சீட்டில், 'கொட்டும் மழையிலும் அசையாத கிளி. ஒளியும் நிழலும் அபாரம்' என்று எழுதியிருந்தது.

நெவிலுக்குச் சந்தோஷப்படுவதா, ஓடிப்போவதா என்றே தெரியவில்லை. மண்டபப் பொறுப்பாளர் க்ளெனிஸைத் தனியே கூட்டிப்போனான்.

"ஏதோ தப்பு நடந்திருக்கு க்ளெனிஸ். வானத்தைப் பாருங்க, பாசி மாதிரி இருக்கு. இந்த நிறத்துக்கு யாராவது முதல் பரிசு குடுப்பாங்களா?"

க்ளெனிஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெளியில சொல்லிடாத கண்ணு. ஏழு வருஷமா வேற ஆளே கிடைக்காம அந்த மனுஷனைத்தான் நடுவரா உட்கார வெச்சிருக்கோம், அவருக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணுதான்!"