செங்கல் வைக்காமல் ஜாக்கி போட்டவன்

போன ஞாயிற்றுக்கிழமை என் கார் டயரை முன்னும் பின்னும் மாத்திப் போடணும். அவ்வளவுதான் வேலை.

தாம்பரம் மார்க்கெட்ல பிளாட்பாரத்துல துணி வித்து ஆளானவன் நான். படப்பை மெக்கானிக் கூலியைச் சொன்னதும் சுர்ருனு ஏறிடுச்சு. நாலு போல்ட்டைக் கழட்டி மாட்ட இவ்வளவா, நானே பண்ணிக்கிறேன்யான்னு கத்திட்டு வந்துட்டேன். அதான் வீடியோ இருக்கே.

வீடியோவுல அந்த ஆள் ஆரம்பத்துலயே, கியர்ல போடுங்க, ஹேண்ட் பிரேக் இழுங்க, சக்கரத்துக்குக் கல் வைங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். சும்மா நீட்டுறான்னு நினைச்சுத் தள்ளி விட்டுட்டேன்.

எங்க மாடம்பாக்கம் ஃபிளாட்ல பார்க்கிங் ஒரே நெரிசல். ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர் தள்ளிட்டுத்தான் வெளிய எடுக்கணும். அதனால யாரும் கியர்ல விடமாட்டோம், ஹேண்ட் பிரேக்கும் போடமாட்டோம். எட்டு வருஷப் பழக்கம். அன்னிக்கும் என் வண்டி அப்படித்தான் நின்னுச்சு. மேல, நிழல்ல, என் இடத்துல. பின்னாடி சரிவு. சரிவு முடியுற இடத்துல, வெயில்ல, மேல்வீட்டு சேகர் சாரோட புதுக் கார்.

வேலை பார்க்க இடம் வேணும்னு வண்டியை ரெண்டடி பின்னால, சரிவு விளிம்பு வரைக்கும் தள்ளினேன். முன்சக்கரத்துக்கு ஜாக்கி போட்டு நாலு சுத்து சுத்தினேன். வண்டி ஏறலை. கிளம்பிடுச்சு.

ஜாக்கி டங்குனு சாய்ஞ்சது. புத்தி இருக்கிறவன் ஒதுங்குவான். நான் பின்னாடி ஓடி, டிக்கியில முதுகை வச்சு முட்டுக் கொடுத்தேன். வண்டி நின்னுச்சு. நானும் நின்னேன். எங்க ரெண்டு பேருக்கும் வேற வழி இல்லை. கத்துற அளவுக்கு மூச்சு இல்லை. போன் முன்சீட்டுல.

நல்லவேளை, சத்தம் கேட்டு சேகர் சாரே இறங்கி வந்தார். ஸ்கூல் வாத்தியார், அதிர்ந்து பேசாத மனுஷன். பார்த்ததும் முகம் வெளுத்துப்போய், மூலையில கிடந்த செங்கல்லைத் தூக்கிட்டு ஓடி வந்தார்.

அங்கதான் என் நாக்கு சும்மா இல்லை. பேரத்துல அவசரப்படுறவன்தான் இறங்கி வருவான். முப்பது வருஷமா நான் படிச்ச ஒரே பாடம் அது. இப்போ அவசரம் யாருக்கு? புது வண்டிக்காரருக்குத்தானே?

"கொஞ்சம் நில்லுங்க சார். தினம் காலைல உங்க வண்டியைத் தள்ளித் தள்ளி என் உயிர் போகுது. இனிமே ரோட்டுல நிறுத்துறேன்னு சொல்லுங்க, அப்புறம் கல்லை வைங்க."

அவர் என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். செங்கல்லைப் படியில வச்சு, அது பக்கத்துலயே உட்கார்ந்தார்.

"என் வண்டிக்கு பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் இருக்கு பாய். உங்க இடுப்புக்கு இருக்கா?"

சரி, வாரத்துல மூணு நாள் மட்டும் ரோட்டுலன்னு இறங்கினேன். அவர் செங்கல்லுல ஒட்டின மண்ணைத் தட்டினார். ஒரு நாள்னேன். செருப்பு வழுக்குது. ஒண்ணும் வேணாம் சார், கல்லை மட்டும் வைங்கன்னேன்.

"அது போன நிமிஷத்து ரேட்டு பாய். உருள்ற வண்டி கீழதான் நிக்கணும். மேல் இடத்தை எனக்கு விட்டுடுங்க."

விட்டுட்டேன். கல்லு வைக்க அவருக்கு மூணு செகண்ட்தான் ஆச்சு.

ஒண்ணு மட்டும் சொல்றேன். வீட்டுல ஜாக்கி போடுறவங்க சமதரையில போடுங்க, கல்லை முதல்லயே உங்க கையால வைங்க. மீறி வண்டி உருண்டா ஒதுங்குங்க, முதுகைக் கொடுக்காதீங்க.

என் வண்டி இப்போ கீழ, வெயில்ல காயுது. அதுக்குக் கீழ உருள இறக்கம் இல்லை.