வாழைத் தோட்டத்திலிருந்து படலை திறந்தவர்

உலகத்தில் கோபக்காரர் பலர் உண்டு. ஆனால் "வேலை செய்யுதில்லை" என்ற இரண்டே சொல்லைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிற மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். எங்களுக்கு அவர் படலை அண்ணை.

எங்கள் கந்தோர் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. பதினொரு பேர். மெல்பேர்ணில் உள்ள ஓர் அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்கள் வடிவமைத்துக் கொடுப்பது தொழில். முடிந்த புத்தகத்தை, வெளிநாட்டில் எங்கோ வாடகைக்கு எடுத்திருக்கிற சேர்வரில் ஏற்றிவிட்டால் அவர்கள் அங்கிருந்து இறக்கிக்கொள்வார்கள். அந்தச் சேர்வரைப் பார்க்கிறவர் நீர்வேலியில் வாழை வைத்திருக்கும் படலை அண்ணை. வாழைக்குத் தண்ணீர் கட்டிய நேரம் போக மிச்சம்தான் எங்களுக்கு.

சேர்வரில் எந்தச் சிக்கல் வந்தாலும் அவர் பேச்சு வீட்டு வாசல் படலையில்தான் போய் நிற்கும்.

"வீடு இருக்கோ? படலை திறந்திருக்கோ? உம்மை ஆரெண்டு அவைக்குத் தெரியுமோ? தெரிஞ்சாலும் சாமியறைக்குள்ளை விடுவினமோ? நாலும் நாலு வருத்தம் ஐசே. நாலுக்கும் ஒரே மருந்துக் குளிசை குடுக்கேலாது."

ஒருமுறை எங்கள் பதினொரு பேரில் ஒருத்தியான புவனா தொண்டைமானாற்றில் வீட்டிலிருந்து வேலை செய்தாள். சேர்வர் அவளை அடையாளம் கண்டது, வரவேற்றது, பிறகு ஒரு கோப்பைக்கூடக் காட்டாமல் அப்படியே நின்றது. நான், "கடல் காத்துக்குக் கம்பி கறள் பிடிச்சிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். படலை அண்ணை அவளிடம் திரையில் இருந்ததைத் தேவாரம் போல வரிவரியாக வாசிக்கச் சொன்னார். "பிள்ளை, கதைக்கிறது முன்படலையாலை. சாமான் வாறது பக்கப்படலையாலை. பக்கப்படலை பூட்டிக்கிடக்கு" என்றார். இரண்டு நிமிடம். திறந்துவிட்டார். கறள் பற்றிய என் ஆராய்ச்சியைப் புவனா இன்றைக்கும் மறக்கவில்லை.

இனி, அந்த வெள்ளிக்கிழமை.

மெல்பேர்ண்காரர் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்: எங்கள் நேரம் பகல் பன்னிரண்டுக்குள் புத்தகம் சேர்வரில் இல்லாவிட்டால், அடுத்த வருட வேலை வேறு ஆட்களுக்கு. வேறு ஆட்களுக்கு என்றால் எங்கள் மேல்மாடிக்குப் பூட்டு.

பத்தரைக்கு, புத்தகத்தை ஏற்றவேண்டிய குகன் தலையைத் தூக்கினான். "அண்ணை, என்னை உள்ளுக்கு விடுகுதில்லை. பாஸ்வேர்ட் பிழையாம்."

இந்த இடத்தில் ஒரு நிதானமான மேலாளர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. நான், "எல்லாரும் வாங்கோ!" என்று கத்தினேன். எங்கள் ஊரில் ஒரு வான் தெருவில் நின்றுவிட்டால் செத்தவீட்டுக்குப் போகிறவனும் இறங்கி ஒரு கை தள்ளுவான். அதே பண்பாடு. பதினொரு பேரும் பதினொரு கொம்பியூட்டரில் குகனின் பெயரைப் போட்டுத் தட்டினோம். ஒருத்தி பெரிய எழுத்தில், ஒருவன் சின்ன எழுத்தில், நான் குகனின் பிறந்த நட்சத்திரத்தையும் சேர்த்து. பத்து நிமிடத்தில் சேர்வர் "பிழை" என்று சொல்வதையும் நிறுத்திவிட்டது. மயான அமைதி.

ரவுட்டரை மூன்று தரம் பிடுங்கிச் செருகினேன். மூன்றாம் தரம் அதற்குக் கற்பூரமும் காட்டினேன். சந்நிதி முருகனுக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தேன். பிறகுதான் படலை அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, வேலை செய்யுதில்..."

டொக்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நீர்வேலிக்குப் பறந்தேன். மனிதர் தோட்டத்துக்குள் வாழைக்குலை வெட்டிக்கொண்டு நிற்கிறார். அவசரம் என்பது அவருடைய சாதகத்திலேயே இல்லை.

"என்ன சொன்னது?"

"முதல் பாஸ்வேர்ட் பிழை எண்டது. இப்ப வாயே திறக்குதில்லை."

"ரெண்டுக்கும் இடையிலை நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை அண்ணை."

என்னை ஒருமுறை பார்த்தார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுத் தன் போனிலேயே சேர்வருக்குள் போனார். எங்களுக்கு வாய் திறக்காதது அவருக்கு மட்டும் கதைத்தது.

"பத்து நிமிசத்திலை நூற்றிப் பதினேழு தட்டு. எல்லாம் ஒரே விலாசத்திலையிருந்து. கள்ளன் எண்டு நினைச்சு உங்கடை கந்தோருக்கே படலையைப் பூட்டிப்போட்டுது. நல்ல சேர்வர்."

"கள்ளன் ஆர் அண்ணை?"

"பதினொரு பேர். தலைவன் என்ரை தோட்டத்திலை நிக்கிறான்."

பூட்டை எடுத்துவிட்டார். "இது நீங்கள் வருவிச்ச வருத்தம். முதல் வருத்தம் இன்னும் கிடக்கு. குகனை ஏன் விடேல்லை?" திரையைத் தள்ளிக்கொண்டே போனவர் திடீரென்று வரப்பில் குந்திவிட்டார். தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

"ஐசே, கனடாவுக்குப் போனது எந்தக் குகன்?"

எங்களிடம் இரண்டு குகன்கள் இருந்தார்கள். ஊர் வழக்கப்படி சேர்வரிலும் ஊர்ப்பெயரோடுதான் பதிந்திருந்தோம்: உடுப்பிட்டிக் குகன், நீர்வேலிக் குகன். ஒருவன் கனடா போனதால், போனவனின் கணக்கை முதல் நாள் பின்னேரம் நான்தான் மிகுந்த பொறுப்போடு நிறுத்தினேன்.

"நீர்வேலிக் குகன்தான் அண்ணை போனவன். ஆனா அவன்ரை தாய் உடுப்பிட்டி எல்லோ..."

"அப்ப தாய்வழியாலை நிப்பாட்டியிருக்கிறீர்!"

ஒரே ஒரு தட்டு. உடுப்பிட்டிக் குகன் உயிர்த்தெழுந்தான். மணி பதினொன்று இருபத்தைந்து. கந்தோருக்குப் போனில் கத்தினேன்: "குகன், இப்ப உள்ளுக்குப் போ! நீ மட்டும்! மற்ற ஆக்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ!"

இருபது வீதம் என்றான். அறுபது என்றான். தொண்ணூற்றொன்றில் நான் இன்னொரு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தேன். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்க, "முழுக்க ஏறிட்டுது அண்ணை!" என்றான். அதற்குப் பின்னால் மேல்மாடியே இடிந்து விழுகிறதுபோல ஒரு கூச்சல். கொஞ்ச நேரத்தில் மெல்பேர்ணின் பதிலையும் புவனா வாசித்தாள்: கிடைத்தது, அடுத்த வருடமும் உங்களோடுதான். நான் படலை அண்ணையைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"வாழைக்குட்டியை மிதியாதையும் ஐசே!"

என் வெள்ளைச் சேட்டில் அன்று பிடித்த வாழைக்கயர்க் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையவில்லை. போட்டுக்கொண்டுதான் திரிகிறேன்.

மேல்மாடி இன்னும் திறந்திருக்கிறது. சேர்வர் ஒழுங்காக ஓடுகிறது. அப்படியான நாளிலும் பின்னேரத்தில் ஒருக்கால் அவருக்குப் போன் எடுப்பேன்.

"என்ன ஐசே?"

"ஒண்டுமில்லை அண்ணை. சும்மா எடுத்தனான்."

டொக் கேட்காது. வாழைக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டரை நிறுத்துகிற சத்தம்தான் கேட்கும்.

"சரி, கதையும்" என்பார்.