மாப்பிள்ளை போட்ட பெஞ்சும் மாமியார் வாங்கிய சைக்கிளும்

புனித நிக்கொலா துணை

அர்ஜான்கூர்,
செப்டம்பர், சனிக்கிழமை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை திபோ அவர்களுக்கு, மாமனார் ஃபிர்மன் தூவ்னெல் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகள் கிளெமான்ஸும் நகரத்தில் சுகமாக இருப்பீர்கள். மாவட்ட அலுவலகத்தில் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சுகமாக இல்லாவிட்டால் வேறு யார் இருக்கப்போகிறார்கள்? நாங்கள் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சொந்த மாப்பிள்ளையிடம் பொய் எழுதக் கை கூசுகிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் வழியாக நீங்கள் போட்டிருக்கும் சைக்கிள் பாதையை உடனே எடுத்துவிட வேண்டும். நாளைக்குள் எடுத்தால் உத்தமம். ஏனென்றால் திங்கட்கிழமை காலையில் உங்கள் மாமியார் சொலான்ஜ், என்னை வீட்டில் விட்டுவிட்டு, அதே பாதையில் சைக்கிள் மிதித்து ஸ்ட்ராஸ்பூர் போகப்போகிறாள்.

பதறாதீர்கள், எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை என்றால் எனக்குப் பழக்கம் உண்டு, சமாளித்திருப்பேன். எல்லாம் சைக்கிளில் போகிறவர்கள் உட்கார எங்கள் வாசலில் நீங்கள் போட்ட அந்த பெஞ்சில் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் வாசலுக்கும் சாலைக்கும் நடுவே கிடக்கும் நிலம் காகிதத்தில் ஊருக்குச் சொந்தம், நடைமுறையில் வீட்டுக்காரனுக்குச் சொந்தம் என்பது உங்களுக்குத் தெரியாததா? அங்கே கலப்பை நிற்கும், டிராக்டர் நிற்கும், அந்தக் காலத்தில் சாணிக் குவியல் நிற்கும். எங்கள் வீட்டுச் சாணிக் குவியலின் உயரத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் மாமனார் சொலான்ஜை எனக்குக் கொடுத்தார். முகத்தைப் பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார். இப்போது மாடு இல்லாததால் அந்த இடத்தில் விறகு அடுக்கியிருக்கிறேன். ஊர்க்காட்டில் என் பங்குக்கு விட்ட மரத்தை நானே வெட்டி, நானே பிளந்து, நானே அடுக்கியது. நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து, ‘பொது இடம், காலியாக இருக்கிறது’ என்று ஒரு புள்ளி வைத்திருக்கிறீர்கள். அந்தப் புள்ளிதான் பெஞ்சாக வந்து இறங்கியது. பாதி விறகை எடுத்து மீதிப் பாதியின் தலையில் ஏற்றினேன். அடுக்கு ஜன்னலைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

எங்கள் மேயர் ரெமி கோலெனிடம் போய் முறையிட்டேன். அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு (அந்த பெஞ்சால் யாருக்கும் கெடுதல் வரவில்லை). ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு மணி அடிப்பதற்கு முன்னால். ஆள் கோட்டு சூட்டோடு, டை பறக்க, ஊர் எல்லையில் சைக்கிளில் போவதும் வருவதுமாக இருந்தான். அங்கே தாரில் நீங்கள் ஒரு கருவி புதைத்திருக்கிறீர்களாம், மேலே போகிற சைக்கிளை எல்லாம் அது எண்ணுமாம்.

“என்னடா ரெமி, வேண்டுதலா?” என்றேன்.

“நீ வேற. எண்ணிக்கை குறைஞ்சா பாதையைப் பக்கத்து ஊருக்கு மாத்திடுவானுங்களாம். உன் மாப்பிள்ளை ஆபீஸ்லேருந்துதான் போன் வந்தது. நீயும் ஒரு சைக்கிளை எடுத்துக்கிட்டு வாயேன், நாலு ரவுண்டு அடிச்சிட்டுப் போ!”

“என் வீட்டு பெஞ்சை எடு, எட்டு ரவுண்டு அடிக்கிறேன்.”

“பெஞ்சு அரசாங்கத்துது. உன் விறகு நிக்கிற இடமும் ஊருது. வாயைக் கிளறாத, ஃபிர்மன். கிளறினா அப்புறம் விறகும் போயிடும்.”

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் அறிக்கையில் எங்கள் ஊர்ப் பாதைக்கு அமோக வரவேற்பு என்று எழுதியிருந்தால், அந்த வரவேற்பில் பாதி ரெமியின் கால்வலி என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அச்சடித்து அனுப்பிய கையேட்டையும் படித்தேன். அர்ஜான்கூர் ‘காலம் நின்றுபோன ஊர்’ என்று போட்டிருக்கிறீர்கள். காலம் எல்லாம் நிற்கவில்லை, மாப்பிள்ளை. நின்றுபோனது பேருந்து. அதற்கப்புறம் பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், காப்பிக் கடை. அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு, ‘ஆகா, என்ன அமைதி!’ என்று பார்க்க டச்சுக்காரர்களை அனுப்பிவைக்கிறீர்கள்.

அப்படி வந்தவள்தான் ஹென்ட்ரிகா. டச்சுக்காரி, கணவனை இழந்தவள், என்னைவிட ஒரு சாண் உயரம். ஜூலை மாதம் ஒரு பகல், நாங்கள் முட்டையும் பன்றிக்கறியும் போட்டுச் சுட்ட கிஷ்ஷை அடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைத்த நேரம். உங்கள் பெஞ்சில் உட்கார வந்தவள், நாலு பக்கமும் மூட்டை தொங்கும் சைக்கிளை என் விறகு அடுக்கின் மேல் சாய்த்திருக்கிறாள். நான் கத்தியை எடுத்துக் கிஷ்ஷில் வைத்தேன், வெளியே மலை சரிந்த மாதிரி சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் என் விறகு சாலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கிடக்கிறது. ரொட்டி வண்டிக்காரன் அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடிக்கிறான், ரெமி கோலென் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான், ஹென்ட்ரிகா மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் நடுவில் நின்று, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், “மன்னிச்சிருங்க ஐயா, உங்க அடுக்கு கொஞ்சம் கோணல்” என்கிறாள். கோணலாம்! என் அடுக்கு!

அதோடு விட்டாளா? கையுறையை மாட்டிக்கொண்டு அத்தனையையும் திரும்ப அடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஓரத்துக்கு ஓரம் குறுக்குக் கட்டை கொடுத்து, பட்டை மேலே பார்க்க, செங்கல் சுவர் மாதிரி. கிஷ் ஆறிப்போனது. ஊரே, அதாவது மிச்சம் இருக்கிற ஊர், வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. நான் என் பங்குக்கு ஒரு கட்டையை எடுத்து வைத்தேன். அவள் அதை மெதுவாக எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

“பாத்தியா ஃபிர்மன், நேரா நிக்குது!” என்றாள் சொலான்ஜ், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

“குளிர்காலத்துல எரியறப்போ நேரென்ன, கோணலென்ன?”

“அது எரியறதுக்குத்தான். நாம தினம் பாக்கணும்ல?”

அன்றைக்கு ஹென்ட்ரிகா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். கோடை முழுக்கக் கால்வாய்க் கரையில் கூடாரம் போட்டிருந்தவள் அடுத்த வாரமும் வந்தாள். ஆகஸ்டில் சொலான்ஜ் மிராபெல் பழம் பறிக்கவும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டாள். மரத்தில் ஏணி வைக்காமலே பறிக்கிறாள். நடுவில் ஒரு நாள் பார்த்தால் துணி துவைக்கும் தொட்டியைச் சுற்றி உங்கள் மாமியார் டச்சுக்காரியின் சைக்கிளில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிளைத் தொடாதவள்! பிரேக் எங்கே என்று தெரியாமல், “தள்ளு! தள்ளு!” என்று கத்திக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை காலமோ ஆயிற்று. அதற்கடுத்த வாரம் மருந்துக்கடைக்காரரின் மனைவியிடம் பேட்டரி வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டாள். பகல் பன்னிரண்டு அடித்தால் மேஜையில் தட்டு இருக்கும் வீடு இது. இப்போது பன்னிரண்டுக்கு மணி சத்தம் மட்டும்தான் இருக்கிறது. சொலான்ஜ் கால்வாய்க் கரையில் இருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை சூப்பு குடித்துக்கொண்டிருக்கும்போது விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

“ஹென்ட்ரிகாவும் நானும் ஸ்ட்ராஸ்பூர் வரைக்கும் போறோம்.”

“எப்போ வருவே?”

“போய்ச் சேர்ந்தப்புறம்தானே வர முடியும்?”

“எனக்குச் சாப்பாடு?”

“அடுப்பு இங்கதான் இருக்கு, ஃபிர்மன். அதுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.” ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டுக்கொண்டே, “நீயும் வாயேன்” என்றாள்.

“அந்த இறுக்கமான கால்சட்டையப் போட்டுக்கிட்டா? கல்லறையில படுத்திருக்கிறவங்க எல்லாம் எழுந்து உக்காந்துடுவாங்க.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “சரி, நீ வீட்டைப் பாத்துக்க” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாப்பிள்ளை, நான் சாப்பாட்டுக்காக எழுதவில்லை. முட்டை பொரிக்கத் தெரியும், ராணுவத்தில் கற்றுக்கொடுத்தார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் திரும்பி வர மாட்டாள் என்ற பயம் இல்லை. வருவாள். முகமெல்லாம் வெயில் பட்டு, வாயெல்லாம் கதையாக வருவாள். வந்து, விட்டுப்போன அதே நாற்காலியில் அதே சட்டையோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. இதை கிளெமான்ஸிடம் சொல்ல வேண்டாம். அவள் நேரே அம்மாவுக்குப் போன் போடுவாள்.

ஆகவே தயவு செய்து பாதையைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிடுங்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்பீர்கள். இங்கே மட்டும் என்ன வாழுகிறது? மாற்ற முடியாவிட்டால் ‘பராமரிப்பு வேலை நடக்கிறது’ என்று ஒரு பலகையாவது நடுங்கள். வேலை நடக்காமலே பலகை நிற்கவைப்பது உங்கள் அலுவலகத்துக்குப் புதிது அல்லவே.

மகளுக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தங்கள். உங்களுக்குப் பதவி உயர்வும், எங்கள் ஊர்ப் பக்கம் வராத வேறொரு பாதைக்கு நிதியும் கிடைக்கப் புனிதரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இதுவரை உங்கள் மேல் மரியாதை குறையாத மாமனார்,
ஃபிர்மன் தூவ்னெல்

பி.கு.: சவேர்ன் (ஸ்ட்ராஸ்பூருக்கு இன்னும் ஒரு நாள் தூரம்), வியாழக்கிழமை. கடிதம் தபாலில் சேரவில்லை, என் கோட்டுப் பையிலேயே கிடந்துவிட்டது. திங்கட்கிழமை மேகம் கறுத்திருந்தது. சொலான்ஜ் மழைக்கோட்டைக் கதவு ஆணியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். அடுத்த ஊர்வரை போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கொட்டகையில் கிடந்த என் பழைய சைக்கிளை எடுத்தேன். அடுத்த ஊரில் ஆளைக் காணோம். அதற்கடுத்த ஊரில், கால்வாய் மதகருகே, இரண்டு பேரும் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். “இவ்ளோ தூரம் வந்துட்டே, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ” என்றாள். சாப்பிட்டேன். “அடுத்த மதகு வரைக்கும் வரியா?” என்றாள். போனேன். இந்தக் கால்வாயில் எத்தனை மதகு என்று உங்களுக்கே தெரியும். ஹென்ட்ரிகா நாளைக்கு ஸ்ட்ராஸ்பூரில் ரயிலேறித் தன் ஊருக்குப் போகிறாள். ஸ்ட்ராஸ்பூர் பார்த்ததும் நாமும் ரயிலிலேயே திரும்பிவிடலாம், போதும், முழங்கால் வலிக்கிறது என்கிறாள் சொலான்ஜ். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் பாதை ரைன் நதிக் கரையோடு முடிந்துவிடுகிறது. இது என்ன அநியாயம், மாப்பிள்ளை? ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரர்களின் அலுவலகத்திலும் உங்களைப் போல யாருடைய மாப்பிள்ளையாவது உட்கார்ந்திருப்பார் அல்லவா? அவரிடம் பேசி இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்கள். நாளை சாயங்காலத்துக்குள் என்றால் உத்தமம்.